யூரிக் அமிலம் 7.8: ஒரு சிறுநீரக நிகழ்வு ஆய்வு

அவருக்கு வயது 46. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மனைவியோடு வந்திருந்தார், கையில் தடித்த ஃபைல். உட்கார்ந்ததும் இரண்டு ரிப்போர்ட்டுகளை உருவி மேசையில் அருகருகே வைத்தார். முதல் தாளில் யூரிக் அமிலம் 7.8, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மூன்று மாதம் கழித்து எடுத்த இரண்டாவது தாளில் 4.6. நட்சத்திரம் காணாமல் போயிருந்தது.

"யூரிக் ஆசிட் நல்லா இறங்கிடுச்சு டாக்டர். ஆனா கிரியேட்டினின் அசையவே இல்லையே? யூரிக் ஆசிட்தான் கிட்னியைக் கெடுக்குதுன்னு சொன்னாங்க."

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும். அவர் கேட்டது நல்ல கேள்வி. மருத்துவ உலகமே ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இவரோடு ஓராண்டில் நான் என்ன செய்தேன், எதைத் தவறவிட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வருடாந்திர முழு உடல் பரிசோதனையில்தான் அந்த 7.8 முதலில் கண்ணில் பட்டது. அதே சமயம் அவருக்கு முழங்கால் வலியும் இருந்தது. முழங்கால் வலி, கூடவே கொஞ்சம் ஏறிய யூரிக் அமிலம். இரண்டையும் கூட்டிப் பார்த்து, வேறோர் இடத்தில் கவுட், அதாவது யூரிக் அமிலப் படிகங்களால் வரும் மூட்டு நோய், என்று சொல்லி யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ஃபெபுக்சோஸ்டாட் 40 மில்லிகிராம் தொடங்கிவிட்டார்கள். "விட்டால் கிட்னி பாதிக்கும்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்திருக்கிறது. மனிதர் பயந்துபோய் இறைச்சியை விட்டார். அதோடு நில்லாமல் பயறு, கீரை, காளான் எல்லாவற்றையும் விட்டிருந்தார்.

ரத்த அழுத்தம் நான்கு ஆண்டுகளாக உண்டு. அம்லோடிபின் 5 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். அது போதவில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயசைடு வகை மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மில்லிகிராமையும் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லை, ஆனால் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 5.9 என்று எல்லையில் நின்றது. டிரைகிளிசரைடு 230. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 85 கிலோ. அன்று என் அறையில் ரத்த அழுத்தம் 148/94.

காலைப் பார்த்தேன். கவுட் வந்த மூட்டு தன்னை மறைத்துக்கொள்ளாது. நள்ளிரவில் திடீரென்று பெருவிரல் மூட்டோ கணுக்காலோ சிவந்து வீங்கும், போர்வை பட்டாலே உயிர் போகும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். இவருக்கு அப்படி ஒரு இரவுகூட வந்ததில்லை. மாடிப்படி இறங்கும்போது வலி, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் விறைப்பு, அவ்வளவுதான். காது மடலிலோ முழங்கையிலோ யூரேட் படிந்த முடிச்சுகள் எதுவும் இல்லை. எடை கூடியதால் தேய ஆரம்பித்த முழங்கால் அது. கவுட் இல்லை.

கிரியேட்டினின் 1.2. லேப் போட்டிருந்த எல்லைக்குள் அது அடங்கிவிட்டதால் நட்சத்திரம் இல்லை. அதை வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ரிப்போர்ட்டில் வரும் வடிகட்டும் அளவு சுமார் 75. பலருக்கு இது பயப்பட வேண்டிய எண் அல்ல. ஆனால் ஃபைலைப் பின்னோக்கிப் புரட்டினால் ஆறு ஆண்டுகளுக்கு முன் கிரியேட்டினின் 1.0, வடிகட்டும் அளவு 98 அருகில்.

அப்புறம் ஒன்றைத் தேடினேன். ஆறு ஆண்டு ரிப்போர்ட்டுகளில் யூரிக் அமிலம் ஆறு முறை பார்த்திருக்கிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்த ஒரு பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் சிறுநீர் போதும்.

அன்றே எடுத்தோம். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர்., 140 மில்லிகிராம் என்று வந்தது. 30க்குக் கீழே இருக்க வேண்டும்.

7.8 என்றால் எவ்வளவு அதிகம்?

யூரிக் அமிலம் வெளியிலிருந்து வரும் நஞ்சு இல்லை. நம் செல்கள் ஒவ்வொன்றிலும் உள்ள டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சிதையும்போது பியூரின்கள் வெளிவருகின்றன. சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி அவற்றைக் கடைசியில் யூரிக் அமிலமாக மாற்றுகிறது. ஒரு நாளில் உருவாவதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடலின் சொந்தக் கணக்கு, மீதிதான் உணவு. அதனால்தான் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் எண் ஓரளவுக்குமேல் இறங்குவதில்லை.

பெரும்பாலான பாலூட்டிகள் இதை யூரிகேஸ் என்ற நொதியால் இன்னும் ஒரு படி உடைத்து, எளிதில் கரையும் அலன்டாயினாக வெளியேற்றிவிடும். மனிதனும் பெரிய குரங்குகளும் பரிணாமப் பாதையில் அந்த நொதியைத் தொலைத்துவிட்டார்கள். எனவே நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் எப்போதுமே கரையும் எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. உடல் வெப்பத்தில் அந்த எல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம். அதைத் தாண்டினால் படிகமாகும் வாய்ப்பு தொடங்குகிறது. வாய்ப்பு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். தாண்டிய பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க ஒரு மூட்டு வீக்கம்கூட வருவதில்லை. 1987இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்று ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 7க்கும் 9க்கும் இடையே இருந்தவர்களில் ஓராண்டில் கவுட் வந்தவர்கள் சுமார் 0.5 சதவீதம். 9ஐத் தாண்டியபின் அது 4.9 சதவீதமாக எகிறியது.

லேப் தாளில் உள்ள எல்லை வேறு சங்கதி. ஆண்களுக்கு 7 அல்லது 7.2, பெண்களுக்கு 6 என்று பெரும்பாலான லேப்கள் போடும். அது மக்களில் பெரும்பாலானோருக்கு உள்ள அளவை வைத்துக் கீறிய கோடு. கோட்டுக்கு மேலே போனால் நோய் என்று பொருளில்லை. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்குக் குறைவாக இருப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் காரணம், அது யூரிக் அமிலத்தைச் சிறுநீர் வழியே தள்ளிவிட உதவுகிறது.

சிறுநீரகம் இதில் எங்கே வருகிறது

உடலைவிட்டு வெளியேறும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் போகிறது. சிறுநீரகம் செய்வதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வடிகட்டியில் அத்தனை யூரிக் அமிலத்தையும் கீழே விட்டுவிட்டு, அடுத்த குழாயிலேயே சுமார் 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கும் முக்கியமான புரதத்தின் பெயர் யூராட்-1, 2002இல்தான் அடையாளம் கண்டார்கள்.

இந்த இழுப்பைக் கூட்டும் காரணங்கள் பல. இன்சுலின் அதிகமாகச் சுரக்கும் உடல், அதாவது தொப்பையும் உயர்ந்த டிரைகிளிசரைடும் உள்ள உடல், கூட்டும். உடலில் நீர் குறைந்தால் கூடும். தயசைடு வகை பிரஷர் மாத்திரை கூட்டும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் காசநோய்க்குத் தரும் பைரசினமைடும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேல், சிறுநீரகமே கொஞ்சம் பழுதானால் வெளியேற்றம் குறைந்து ரத்தத்தில் அளவு ஏறும்.

சிக்கல் இங்கேதான். யூரிக் அமிலம் ஏறியதால் சிறுநீரகம் கெட்டதா, சிறுநீரகம் கெட ஆரம்பித்ததால் யூரிக் அமிலம் ஏறியதா? ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே ஏறும், கூடவே ரத்த அழுத்தமும் எடையும் ஏறும்.

இவருடைய ஆறு ஆண்டுத் தாள்களை வரிசைப்படுத்தி ஒரு காகிதத்தில் எழுதினேன். யூரிக் அமிலம் 6.2, 6.3, 6.6 என்று மெதுவாக நகர்ந்து, தயசைடு தொடங்கிய பிறகு 7.4, 7.8 என்று தாவியிருந்தது. கிரியேட்டினின் அதற்கு முன்பே, யூரிக் அமிலம் 6.3 இருந்தபோதே, 1.1ஐத் தொட்டிருந்தது. 0.1 வித்தியாசம் லேபின் தடுமாற்றமாகவும் இருக்கலாம், அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் யூரிக் அமிலம்தான் முதலில் புறப்பட்டது என்ற கதைக்கு இந்தக் காகிதத்தில் ஆதாரம் இல்லை. எடை ஆறு ஆண்டுகளில் 74லிருந்து 85.

பயம் எங்கிருந்து வந்தது

பழைய குற்றச்சாட்டுதான் இது. 1776இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1848இல் ஆல்ஃபிரட் பேரிங் கேரட் கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதைக் காட்டினார். அன்று முதல் யூரிக் அமிலம் சந்தேகப் பட்டியலைவிட்டு இறங்கவே இல்லை.

மிக அதிகமாக ஏறினால் சிறுநீரகம் கெடும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது செல்கள் கூட்டம் கூட்டமாக உடைந்து, யூரிக் அமிலம் குழாய்களில் படிகமாக அடைத்து, ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுபோகும் நிலை உண்டு. யூரிக் அமிலக் கல்லும் உண்மை, ஆனால் அதற்கு ரத்த அளவைவிடச் சிறுநீரின் அமிலத்தன்மை முக்கியம். கேள்வியெல்லாம் 7, 8 என்று லேசாக ஏறி, வலியும் கல்லும் இல்லாமல் சும்மா இருப்பவர்களைப் பற்றித்தான்.

அந்தக் கேள்விக்கு உயிர் கொடுத்தவை 2001, 2002இல் வந்த எலி ஆய்வுகள். மசாலியும் ஜான்சனும் அவர்கள் குழுவினரும் ஆக்சானிக் அமிலம் கொடுத்து எலிகளின் யூரிகேஸை முடக்கினார்கள். யூரிக் அமிலம் கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனிகளின் சுவர் தடித்தது. படிகம் ஒன்றுகூட இல்லாமல்! யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் என்ற மருந்தைக் கொடுத்தால் இதைத் தடுக்க முடிந்தது. படிகம் இல்லாமலும் யூரிக் அமிலம் ரத்தக்குழாயைக் கெடுக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அடுத்து மனிதர்கள். வியன்னாவில் 21,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களைச் சுமார் ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. யூரிக் அமிலம் 7 முதல் 8.9 வரை இருந்தவர்களுக்குப் புதிதாகச் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு 1.74 மடங்கு, 9க்கு மேல் 3.12 மடங்கு. "கொஞ்சம் ஏறினாலே ஆபத்து" என்ற பேச்சு இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் கிளம்பியது. அதே ஆண்டு, புதிதாக ரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட வளரிளம் பருவத்தினர் 30 பேருக்கு அலோபியூரினால் கொடுத்துப் பார்த்ததில் அழுத்தம் இறங்கியது. 2010இல் ஸ்பெயினில் 113 சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அலோபியூரினால் எடுத்தவர்களுக்கு நோய் மெதுவாக நகர்ந்தது.

நானும் அந்தக் காலத்தில் இதை நம்பியவன்தான். எலிகளிடம் காரணம் தெரிந்துவிட்டது, கூட்டத்தில் தொடர்பு தெரிந்துவிட்டது, சின்னச் சோதனைகளில் பலனும் தெரிந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

பெரிய சோதனை வேண்டியிருந்தது. 2018இல் ஜப்பானில் ஃபெதர் என்ற சோதனை வெளியானது. கவுட் இல்லாத, மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு 108 வாரம் ஃபெபுக்சோஸ்டாட். வடிகட்டும் அளவு இறங்கும் வேகத்தில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு சோதனைகளை வெளியிட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த சி.கே.டி.-ஃபிக்ஸ் சோதனையில் அலோபியூரினால் யூரிக் அமிலத்தை 8.2லிருந்து 5.1க்குக் கொண்டுவந்தது. ஆனால் வடிகட்டும் அளவு ஆண்டுக்கு 3.33 இறங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.23. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை மாத்திரை போட்டதும் போடாததும் ஒன்றுதான். பெர்ல் என்ற மற்றொன்று முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 530 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்தது. அவர்களின் யூரிக் அமிலம் தொடக்கத்தில் சராசரி 6.1, அதாவது நாம் பேசும் லேசான அளவைவிடவும் குறைவு. அங்கும் பலன் இல்லை. யூரிக் அமிலத்தைக் கூட்டும் மரபணுக்களோடு பிறந்தவர்களை ஆராய்ந்தவர்களும் 2019இல் இதையே சொன்னார்கள்: அந்த மரபணுக்கள் கவுட்டைக் கூட்டுகின்றன, சிறுநீரக நோயைக் கூட்டவில்லை.

ஓட்டைகளும் உண்டு. சி.கே.டி.-ஃபிக்ஸ் 620 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 369 பேரோடு நின்றது. அதில் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கணிசமாகப் பழுதாகியிருந்தது. நுண்தமனி ஒருமுறை தடித்துவிட்டால் பிறகு யூரிக் அமிலத்தைக் குறைத்து என்ன பயன் என்று எலி ஆய்வுத் தரப்பினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுத என் கை வராது. சிறுநீரக வழிகாட்டு நெறிகளை வெளியிடும் கே.டி.ஐ.ஜி.ஓ. 2024இல் சொன்னதும் இதுதான்: அறிகுறி இல்லாமல் யூரிக் அமிலம் மட்டும் ஏறியிருந்தால், சிறுநீரக நோயைத் தாமதப்படுத்துவதற்காக அதைக் குறைக்கும் மருந்து வேண்டாம். கவுட் இருந்தால் மருந்து வேண்டும், அது வேறு வழக்கு.

மருந்துகளும் சாதுவானவை அல்ல. அலோபியூரினால் அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். எச்.எல்.ஏ.-பி 58:01 மரபணு உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிக அளவில் தொடங்கும்போதும் அந்த ஆபத்து கூடும். ஃபெபுக்சோஸ்டாட் எடுத்த, இதய நோயும் கவுட்டும் உள்ளவர்களிடையே இதய மரணம் கூடுதலாகத் தெரிந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அதன் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. 2020இல் வந்த ஐரோப்பியச் சோதனையில் அந்த ஆபத்து தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோய் இருக்கும்போது இந்த ஆபத்துகளை எடை போட்டு ஏற்கலாம். நட்சத்திரக் குறிக்காக ஏற்பதா?

என்ன செய்தோம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. (கடைசியில் இந்தக் கொள்கை எப்படிக் காற்றில் போனது என்பதைக் கீழே பார்க்கலாம்.)

முதலில் ஃபெபுக்சோஸ்டாட்டை நிறுத்தினோம். அவருக்குத் தயக்கம்தான். "நிறுத்தினா மறுபடி ஏறிடுமே டாக்டர்" என்றார். ஏறும், ஏறட்டும் என்றேன். அவருடைய இரண்டு தாள்களையே காட்டினேன். மூன்று மாதம் யூரிக் அமிலம் 4.6இல் இருந்தும் கிரியேட்டினின் 1.2இலேயே நின்றிருக்கிறது. மூன்று மாதம் குறைந்த காலம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் எண் அழகானதும் சிறுநீரகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவரிடம் அங்கேதான் ஆட்டம் கண்டது.

நான்கு வாரம் கழித்து யூரிக் அமிலம் 7.6. அதே காலையில் சிறுநீரையும் சேர்த்து எடுத்தோம். வடிகட்டியதில் எத்தனை சதவீதம் உண்மையில் வெளியே போகிறது என்ற கணக்கு இது: சிறுநீர் யூரிக் அமிலம் 38, சிறுநீர் கிரியேட்டினின் 120, ரத்தத்தில் 7.6, 1.2. பெருக்கி வகுத்தால் 5 சதவீதம். சாதாரணமாக 6 முதல் 10 வரை இருக்கும். ஆக, அவர் உடல் அதிகமாகத் தயாரிக்கவில்லை, குறைவாக வெளியேற்றுகிறது. தயசைடும் எடையும் உள்ளவரிடம் எதிர்பார்த்ததுதான். ஏ.சி.ஆர். மறுபடி பார்த்தோம், 128. அப்போ முதல் முடிவு தற்செயல் இல்லை.

வேறு காரணங்களையும் தேடினேன். இளம் வயதிலேயே யூரிக் அமிலம் ஏறி, சிறுநீரில் பெரிதாக எதுவும் தெரியாமல், தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் கெடும் குடும்பங்கள் உண்டு. யூரோமோடுலின் என்ற மரபணுவில் பிழை இருக்கும். இவர் குடும்பத்தில் யாருக்கும் டயாலிசிஸ் இல்லை. ஈயத்தோடு பழகும் வேலையும் பார்த்ததில்லை. ஸ்கேனில் சிறுநீரகங்கள் 10.4, 10.6 சென்டிமீட்டர், கல் இல்லை. சிறுநீரில் ரத்த அணுக்கள் இல்லை. பயாப்சி எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த அளவு ஆல்புமினுக்கு, இத்தனை ஆண்டு கட்டுப்படாத ரத்த அழுத்தம் கண்முன்னே இருக்கும்போது, ஊசி குத்தித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தயசைடை நிறுத்தி லோசார்ட்டான் 50 மில்லிகிராம் தொடங்கினோம். ஆல்புமின் கசிவைக் குறைக்க அந்த வகை மாத்திரைதான் முதல் தேர்வு. அதோடு லோசார்ட்டானுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு, அது யூராட்-1ஐத் தடுத்து யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். தயசைடு கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ பேரைப் பக்கவாதத்திலிருந்து காத்த மாத்திரை அது. இவருக்கு இன்னும் பொருத்தமானது ஒன்று இருந்தது, அவ்வளவே.

இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.3. அன்று மாலையே போன் வந்துவிட்டது, குரலில் நடுக்கம். லோசார்ட்டான் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்துகிறது, அதனால் ஆரம்பத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏறினாலும் பொறுத்துப் பார்க்கலாம், இவருக்கு ஏறியது 8 சதவீதம். பொட்டாசியம் 4.6, பரவாயில்லை. முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். சொல்லவில்லை, என் தவறு.

உணவில் பயறும் கீரையும் காளானும் திரும்ப வந்தன. 47,000 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த 2004 ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும் கவுட்டைக் கூட்டின, பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை. நிறுத்தச் சொன்னது இனிப்பூட்டிய குளிர்பானத்தை. பத்தியம் பத்தியம் என்று பயறை விட்டவர், தினம் இரண்டு பாட்டில் குளிர்பானத்தை விடவே இல்லை! அதில் உள்ள ஃபிரக்டோஸ் ஈரலில் உடையும்போது நேரடியாக யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நான் கேட்க மறந்தது

மூன்றாம் மாதம். லோசார்ட்டான் 100 மில்லிகிராம் ஆகியிருந்தது. யூரிக் அமிலம் 6.9, ஏ.சி.ஆர். 88. ஆனால் வீட்டில் அவர் குறித்துவைத்த ரத்த அழுத்தத்தின் சராசரி 138/88. இரண்டு மாத்திரைக்குப் பிறகும் இது ஏன் இறங்க மறுக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மனைவிதான் வாயைத் திறந்தார்.

"அந்த முழங்கால் வலி மாத்திரையைச் சொன்னீங்களா?"

டைக்ளோஃபெனாக். வாரத்துக்கு நான்கைந்து. வலி வந்தால் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது, மூன்று நான்கு ஆண்டுகளாக நடக்கிறது. அதை மருந்து என்றே அவர் எண்ணவில்லை. என்னென்ன மாத்திரை என்று முதல் நாள் கேட்டபோது மருத்துவர் எழுதியவற்றை மட்டும் சொன்னார். வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று நான் தனியாகக் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு வந்த மனிதரிடம் அதைக் கேட்காமல் விட்டது எனக்கு வெட்கம்தான். யூரிக் அமிலத்தை மட்டும் பார்த்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டே நானும் ஏ.சி.ஆர்.ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் ரத்தக்குழாய்களைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துவிடும். உப்பும் நீரும் உடலில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பிரஷர் மாத்திரையின் வேலை பாதியாகும். லோசார்ட்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. மனைவி அன்று வராமல் இருந்திருந்தால் நான் மூன்றாவது பிரஷர் மாத்திரையை எழுதி அனுப்பியிருப்பேன்.

வலி மாத்திரையை நிறுத்தினோம். தொடை தசையை வலுவாக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் பாரசிட்டமால், தோலில் தடவும் மருந்து. "ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்" என்ற என் கொள்கை இதோடு முடிந்தது. குளிர்பானத்தை விட்டதும், நடக்க ஆரம்பித்ததும், வலி மாத்திரை நின்றதும், லோசார்ட்டான் கூடியதும் எல்லாம் ஒரே காலகட்டத்தில் கலந்துவிட்டன.

ஓராண்டில்

ஆறாம் மாதம் வீட்டு ரத்த அழுத்தம் 126/78. ஏ.சி.ஆர். 46. எடை நான்கரை கிலோ குறைந்திருந்தது. யூரிக் அமிலம் 6.6.

பன்னிரண்டாம் மாதம் கிரியேட்டினின் திரும்பவும் 1.2, வடிகட்டும் அளவு 75. ஏ.சி.ஆர். 34, எல்லையை இன்னும் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சரிந்துகொண்டிருந்த கோடு ஓராண்டு சமமாக ஓடியிருக்கிறது. இதில் லோசார்ட்டானுக்கு எவ்வளவு பங்கு, டைக்ளோஃபெனாக் நின்றதற்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. யூரிக் அமிலம் இறங்கியதற்கும் ஒரு சிறு பங்கு இருக்குமோ என்று கேட்டால், இந்த ஒருவரை வைத்து இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதை மட்டும் மருந்தால் 4.6க்கு இறக்கி வைத்திருந்த மூன்று மாதமும் ஆல்புமின் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் கணிப்பு.

அந்தக் கடைசி ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் 7.1. ஒரு வாரமாகச் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் பயணத்தில் இருந்தாராம். அவருடைய லேப் 7க்கே கோடு கிழிக்கிறது, அதனால் நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது. அவர் அதை விரலால் தொட்டுக்காட்டி, "இதுக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்றார். பெருவிரல் என்றாவது ராத்திரியில் சிவந்து வீங்கினால், சிறுநீரில் கல் தெரிந்தால், அல்லது எண் 9ஐத் தாண்டினால் வரச் சொன்னேன். வலிக்கு எந்த மாத்திரை வாங்கினாலும் எனக்கு முதலில் போன் செய்யச் சொன்னேன். அதை அவர் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. கிரியேட்டினின், பொட்டாசியம், ஏ.சி.ஆர். மூன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யூரிக் அமிலம் எழுதவில்லை. அவராகவே சேர்த்து எடுத்துக்கொண்டு வருவார் என்று தெரியும், வந்தால் பார்ப்பேன்.